தாழ்த்திய பழைய மினிக்கு முழு எக்ஸாஸ்ட் செட்: எதை வாங்குவது, எப்படிப் பூட்டுவது

இந்த மதிப்புரை ஒரே ஒரு சேர்க்கையைப் பற்றியது. ஏ-சீரிஸ் வகை எஞ்சினும் கார்புரேட்டரும் உள்ள பழைய மினி கார்; உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் ஹை-லோ வைத்து இறக்கிய சஸ்பென்ஷன்; எல்.சி.பி. என்று மினிக்காரர்கள் சொல்லும் நீண்ட நடுக்குழாய் மேனிஃபோல்டு, அதாவது எஞ்சினின் புகையைச் சேர்த்துக் கீழே கொண்டுவரும் கிளைக்குழாய். அதன் பின்னால் ஆர்.சி.40 என்ற மாதிரியிலான இரட்டைப் பெட்டி சைலன்சர். இடது ஓரத்தில் வெளியே வரும் டெயில் பைப். சைலன்சர் வரிசை முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இறக்கிய மினிக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறு இல்லை. ஆனால் அட்டைப்பெட்டியில் வருவதை அப்படியே எடுத்துப் பூட்டினால் சீக்கிரமே மேனிஃபோல்டில் விரிசல் விழும். அந்த விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் குழாயில் இருக்காது. எஞ்சின் ஆடுவதில் இருக்கும்.

மேனிஃபோல்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் கொடுத்த காசுக்குப் பலன் தருவது முக்கியமாக அதுதான். ஏ-சீரிஸ் எஞ்சினின் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடி) நான்கு சிலிண்டருக்கு மூன்று எக்ஸாஸ்ட் வாய்கள். ஒன்றுக்கும் நான்குக்கும் தனித்தனி வாய். இரண்டும் மூன்றும் நடுவில் ஒரே வாயைப் பகிர்ந்துகொள்கின்றன. எரியும் வரிசை 1-3-4-2. அதாவது இரண்டும் மூன்றும் ஒன்றுக்கொன்று கிராங்க் ஒரு முழுச் சுற்று தள்ளித்தான் புகையை விடுகின்றன. ஒன்றும் நான்கும் அப்படியே. எனவே ஓரத்துக் குழாய்கள் இரண்டையும் முதலில் சேர்த்துவிட்டு, நடுக்குழாயைத் தனியாக நீளமாகக் கொண்டுவந்து கீழே இணைத்தால், ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் வாயில் போய் முட்டுவது குறைகிறது. எல்.சி.பி.யின் தத்துவம் இவ்வளவுதான். தொழிற்சாலை வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் மூன்று வழிகளும் ஹெட்டை ஒட்டியே கலந்துவிடும். அதற்குக் கீழே கூம்பு முனையோடு கிளாம்ப் போட்டு இறுக்கும் இணைப்பு ஒன்று உண்டு. பழைய மினிகளில் புகை கசிவது பெரும்பாலும் அங்கேதான். எல்.சி.பி. போட்டால் அந்த இணைப்பே போய்விடுகிறது. அதுவே ஒரு பெரிய லாபம்.

இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உள்ள மேனிஃப்ளோ போன்ற, மினிக்கென்றே வேலை செய்யும் தயாரிப்பாளர்களின் எல்.சி.பி.க்கள் சாதா எஃகில் வருகின்றன. துருப்பிடிக்காத எஃகில் மலிவாகக் கிடைப்பவையும் உண்டு. பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். மேனிஃபோல்டைப் பொறுத்தவரை நல்ல வளைவும் சரியான ஃபிளாஞ்சும் (ஹெட்டில் பூட்டும் தகட்டு விளிம்பு) உள்ள சாதா எஃகு, அவசரமாகப் பற்றவைத்த துருப்பிடிக்காத எஃகைவிட மேல். கையில் எடுத்ததும் ஃபிளாஞ்சின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். பற்றவைப்பின் கசடு உள்ளே திரண்டு நின்றால் அதை ராவி எடுக்காமல் பூட்டக் கூடாது. நடுக்குழாயும் ஓரக்குழாய்களின் கூட்டும் சேரும் இடத்தில் இரண்டு துளைகளும் ஒரே அளவு திறந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் வளைவுகள் மாண்ட்ரல் என்னும் உள்தாங்கி வைத்து வளைத்தவையா என்பதும் முக்கியம். சும்மா அழுத்தி வளைத்த குழாய் வளைவின் உள்பக்கத்தில் சுருங்கி நசுங்கியிருக்கும். அங்கே விட்டம் குறைந்துவிட்டால் பெரிய துளைக் குழாய் வாங்கியதற்கே அர்த்தமில்லை.

விட்டம் பற்றி நிறையப் பேர் தவறான முடிவுக்குப் போகிறார்கள். சந்தையில் 1⅝ அங்குலம், 1¾ அங்குலம், 2 அங்குலம் என்று மூன்று அளவுகள் உண்டு. மில்லிமீட்டரில் ஏறத்தாழ 41, 44.5, 51. 998 சிசி எஞ்சினுக்கு முதல் அளவே போதும். மிதமாக டியூன் செய்த 1275-க்கு 1¾. இரண்டு அங்குலம் பந்தய கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சினுக்கு உரியது. சாலைக் காரில் அது கீழ் ஆர்.பி.எம். இழுவையைக் குறைத்துச் சத்தத்தைக் கூட்டும். இறக்கிய காரில் இன்னொரு தண்டனையும் சேர்கிறது. குழாயின் மேல்விளிம்பு தரைத் தகட்டை எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே விட்டம் கூடும்போது அந்தக் கூடுதல் முழுவதும் கீழ்ப்பக்கம்தான் வரும். 1¾-இலிருந்து 2-க்குப் போனால் 6 மில்லிமீட்டர் தரையை நோக்கி இறங்குகிறது. 12 அங்குல வீலில் 145/70 டயர் ஓடிய காரை அழகுக்காக 10 அங்குல வீலுக்கும் 145/80 டயருக்கும் மாற்றியிருந்தால், அச்சு ஏற்கெனவே சுமார் 11 மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. இரண்டையும் கூட்டினால் 17 மில்லிமீட்டர். சஸ்பென்ஷனில் ஒரு திருகு கூடத் திருப்பாமலே இவ்வளவு போய்விடுகிறது. வேகத்தடையில் உரசுவதா தப்புவதா என்பதை இந்த 17 மில்லிமீட்டர் தீர்மானிக்கும்.

மினியின் வீல்பேஸ் 2036 மில்லிமீட்டர்தான். முன்வீலும் பின்வீலும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால், இதே அளவு இறக்கிய நீளமான காரைவிட இது மேடுகளை நன்றாகத் தாண்டும். அந்தச் சாதகத்தைத் தொங்கும் சைலன்சர் பெட்டியால் வீணாக்காமல் இருப்பதே தேர்வின் சாரம். அதனால்தான் இரட்டைப் பெட்டி. ஒற்றைப் பெட்டி செட்டில் சத்தத்தை அடக்க ஒரே பெட்டி பெரிதாக இருக்க வேண்டும்; அப்படியும் நெடுஞ்சாலை வேகத்தில் கேபினுக்குள் ரீங்காரம் நிற்காது. இரட்டைப் பெட்டியில் இரண்டும் ஒல்லியாக இருந்தாலே வேலை நடக்கும். நடுவில் வெளியேறும் டெயில் பைப் பார்க்க அழகுதான். ஆனால் டிக்கியின் அடியில் தொங்கும் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தடித்த சைலன்சரை நுழைக்க வேண்டியிருக்கும். காரை ரிவர்ஸில் நடைபாதை விளிம்பு நோக்கி விடும்போது முதலில் இடிபடுவதும் அதுவே. இறக்கிய காருக்கு ஓரத்தில் வெளியேறுவதே சரி.

எஃகின் தரத்தைக் காந்தம் வைத்து ஓரளவு பார்க்கலாம். 304 தரத்தில் காந்தம் ஒட்டாது, வளைவுகளில் மட்டும் லேசாக இழுக்கும். 409 தரத்தில் நன்றாக ஒட்டும். 409 மோசமென்று அர்த்தமில்லை. சாதா எஃகைவிட நன்றாகவே உழைக்கும், ஆனால் மேற்பரப்பில் பழுப்பு நிறம் ஏறும். 304 என்று சொல்லி விற்றது 304-தானா என்று தெரிந்துகொள்ளவே இந்தச் சோதனை. 304-இல் கவனிக்க வேண்டிய குணம் ஒன்று உண்டு: அது சாதா எஃகைவிட ஏறத்தாழ நாற்பது சதவீதம் அதிகமாக விரியும். இரண்டரை மீட்டர் வரிசை 250 டிகிரி சூடேறினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீள்கிறது. முன்முனை எஞ்சினோடு கட்டப்பட்டிருப்பதால் நீளும் பக்கம் பின்பக்கம்தான். குளிர்ந்திருக்கும்போது வாலன்ஸ் (பம்பருக்கு அடியிலுள்ள தகடு) வெட்டின் நடுவில் அழகாக நிற்கும் டெயில் பைப், அரை மணி நேர ஓட்டத்தில் பின்னால் நகர்ந்திருக்கும். பெட்டியின் பின்தோள் எதிலும் முட்டாமல் குறைந்தது ஒன்றரை சென்டிமீட்டர் இடம் விட்டே பூட்ட வேண்டும்.

பழைய செட்டைக் கழற்றும் முன்பே பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது மேல் ஸ்டெடி பார், அதாவது எஞ்சினையும் பல்க்ஹெட்டையும் (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள சுவர்) இணைக்கும் கம்பி. மினியின் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருப்பதால் கிளட்ச்சை விடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் முன்னும் பின்னும் உருளப் பார்க்கும். அதைத் தடுப்பது இந்தக் கம்பியின் இரு முனையிலும் இருக்கும் சிறிய ரப்பர் புஷ்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் மெல்லக் கிளட்ச்சை விட்டு, ஒருவர் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கட்டும். எஞ்சின் குதித்தால் புஷ் போய்விட்டது. கீழ் ஸ்டெடி பார் உள்ள கார்களில் அதையும் சேர்த்து மாற்றுங்கள். புதிய எக்ஸாஸ்ட்டின் விலையோடு ஒப்பிட்டால் இந்தப் புஷ்களின் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் எக்ஸாஸ்ட்டின் ஆயுள் முழுவதும் இவற்றின் கையில் இருக்கிறது.

இரண்டாவது, பின் சப்ஃபிரேமின் (பின்வீல்களைத் தாங்கும் சட்டம்) ரப்பர் மவுண்டுகள். சைலன்சரின் பின்பாதி சப்ஃபிரேமில்தான் தொங்குகிறது. சப்ஃபிரேமே அசைந்தால் டெயில் பைப்பை எவ்வளவு நேர்த்தியாக நிறுத்தினாலும் மறுநாள் வேறிடத்தில் நிற்கும். மூன்றாவது, காரின் உயரம். மினியின் ஸ்பிரிங் ஒரு ரப்பர் கூம்பு. புதிய கூம்பு போட்ட கார் முதல் சில நூறு கிலோமீட்டரில் கணிசமாக உட்காரும். கூம்பும் ஹை-லோவும் எக்ஸாஸ்ட்டும் ஒரே வாரக்கடைசியில் போட்டு, அன்றைக்கு அளந்த இடைவெளியை நம்புவது வீண். கூம்பு உட்காரட்டும், உயரத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு எக்ஸாஸ்ட்டுக்கு வாருங்கள்.

இப்போது பூட்டும் வேலை. டிக்கியைத் திறந்து பேட்டரியைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், இன்லெட் மேனிஃபோல்டு மூன்றும் வெளியே வர வேண்டும். காரின் முன்பக்கத்தை உயர்த்தி, ஜாக்கி மேல் விடாமல் ஸ்டாண்டுகள் மேல் நிறுத்துங்கள். பழைய குழாயைக் காப்பாற்ற முயல வேண்டாம், வெட்டி இறக்குங்கள். ஸ்டட்களுக்கு முதல் நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு வைத்தால் ஹெட்டில் முறியும் ஆபத்து குறையும். அப்படியும் கழுத்து மெலிந்த ஸ்டட் தென்பட்டால் மாற்றிவிடுவது நல்லது. அவை 5/16 அங்குலம். ஹெட்டுக்குள் போகும் பக்கம் யு.என்.சி. (அகலமான) மரை, நட் பக்கம் யு.என்.எஃப். (நெருக்கமான) மரை. நட்டுக்கு ½ அங்குல ஸ்பேனர். பித்தளை நட் போடுங்கள், அடுத்த முறை கழற்றும்போது வாழ்த்துவீர்கள்.

எல்.சி.பி. ஒரே துண்டு. அதை மேலிருந்து இறக்க முடியாது. அடியிலிருந்து பல்க்ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஏற்ற வேண்டும். இடம் போதாவிட்டால் மேல் ஸ்டெடி பாரை எஞ்சின் முனையில் கழற்றி, கியர்பாக்ஸ் அடியில் ஒரு மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, எஞ்சினை முன்பக்கம் சாய்க்கலாம். சாய்க்கும்போது ரேடியேட்டர் ஹோஸும் கிளட்ச் ஹோஸும் இழுபடுகின்றனவா என்று கண் வைக்க வேண்டும். சில கார்களில் கியர் மாற்றும் இணைப்பின் மவுண்டுகளையும் தளர்த்தி இறக்கினால்தான் குழாய் காரின் தரை நடுவில் ஓடும் டனலுக்குள் நுழையும். வலுக்கட்டாயமாகத் திணிப்பதைவிட அந்த அரை மணி நேர வேலை மேல்.

அடுத்து வருவதுதான் பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகும் படி. ஏ-சீரிஸில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், ஒரே கேஸ்கெட், பல ஸ்டட்களும் பொது. ஒரே தடித்த வாஷர் ஒரு பாதியால் இன்லெட் ஃபிளாஞ்சையும் மறுபாதியால் எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சையும் அழுத்துகிறது. இரண்டு ஃபிளாஞ்சுகளின் தடிமனும் ஒன்றாக இருந்தால்தான் வாஷர் சமமாக உட்காரும். எல்.சி.பி. ஓரிடத்திலிருந்தும் அலுமினிய இன்லெட் வேறிடத்திலிருந்தும் வாங்கியிருந்தால் தடிமன் பொருந்தாமல் போவது சாதாரணம். தடித்த பக்கத்தில் மட்டும் வாஷர் அழுத்தும், மெல்லிய பக்கம் சும்மா கிடக்கும். எவ்வளவு முறுக்கினாலும் அங்கே கசிவு நிற்காது. கேஸ்கெட் போடாமல் இரண்டையும் ஸ்டட்களில் ஏற்றி, வாஷர் உட்காரும் இடத்தில் ஒரு எஃகு அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். அளவுகோல் ஆடினால் அடியில் ஃபீலர் கேஜ் விடுங்கள். கால் மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் லேத் பட்டறையில் கொடுத்துத் தடித்ததைச் சீவி வாங்குங்கள். சின்ன வித்தியாசத்துக்கு வாஷரின் ஒரு பாதியை ராவிப் படி வைத்தாலும் போதும். இன்லெட் வாய்களில் போடும் இருப்பிட வளையங்களையும் சோதியுங்கள். வளையம் ஒரு மயிரிழை நீளம் கூடியிருந்தாலும் இன்லெட் ஹெட்டில் ஒட்டாமல் தூக்கி நிற்கும்.

கேஸ்கெட் புதிதாக இருக்க வேண்டும், எந்தப் பசையும் பூச வேண்டியதில்லை. நட்களை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றுச் சுற்றாக இறுக்கி 19 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள். பழைய கையேடுகளின் கணக்கில் 14 பவுண்டு அடி. இது குறைவாகத் தோன்றும், ஆனால் இவ்வளவுதான். அதற்கு மேல் முறுக்கினால் ஃபிளாஞ்ச் வளையும்.

இனி கியர்பாக்ஸ் பிராக்கெட். இந்த மதிப்புரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். எல்.சி.பி.யின் கீழ்முனைக்கு அருகே, குழாயைக் கியர்பாக்ஸோடு இறுகக் கட்டும் பிராக்கெட் ஒன்று உண்டு. மினியில் கியர்பாக்ஸ் எஞ்சினின் அடியிலேயே ஒரே கட்டாக இருப்பதால், எஞ்சின் உருளும்போது அதுவும் கூடவே உருளும். பிராக்கெட் இருந்தால் மேனிஃபோல்டு முழுவதும் எஞ்சினோடு ஒரே உடம்பாக அசையும். வளைவு எல்லாம் டனலுக்குள் இருக்கும் நீளமான நேர்க்குழாயில் பரவும். பிராக்கெட் இல்லாவிட்டால் பின்னால் தொங்கும் முழு எடையும், எஞ்சினின் ஒவ்வொரு அசைவும், ஹெட்டை ஒட்டிய ஃபிளாஞ்ச் பற்றவைப்பில் போய் விழும். நடுக்குழாயின் கழுத்தில் அரைவட்டமாக ஒரு விரிசல் தெரிந்தால், பிராக்கெட் இல்லை, அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். பல செட்டுகளில் இந்தப் பிராக்கெட் வருவதே இல்லை. வந்தாலும் ரிமோட் வகைக் கியர்பாக்ஸுக்கும் ராட் வகைக் கியர்பாக்ஸுக்கும் (கியர் மாற்றும் இணைப்பின் இரு வகைகள்) அது வேறு வேறு. உங்களுடையது எது என்று பார்த்துத் தனியாக வாங்குங்கள்.

பூட்டும் முறையும் முக்கியம். ஹெட் பக்கம் இறுக்கிய பிறகு, பிராக்கெட்டையும் அதன் யு-கிளாம்ப்பையும் தளர்வாக மாட்டுங்கள். குழாய் எந்தத் தள்ளலும் இல்லாமல் தானாக நிற்கும் இடத்துக்குப் பிராக்கெட் வர வேண்டும். மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் வாஷர் வைத்து நிரப்புங்கள், அல்லது ஓட்டையை நீளமாக ராவுங்கள். போல்ட்டை முறுக்கிக் குழாயைப் பிராக்கெட்டுக்கு இழுத்தால், கார் நிற்கும்போதே பற்றவைப்பில் அழுத்தம் ஏறிவிடும். சூடேறினால் இன்னும் கூடும்.

பின்பாதி சுலபம். எல்லா இணைப்புகளையும் தளர்வாகச் சேர்த்து, ரப்பர் பாபின்களில் (குழாயைத் தாங்கும் ரப்பர் கட்டைகள்) தொங்க விடுங்கள். குழாய்க்குள் குழாய் நுழையும் இடங்களில் நான்கு முதல் ஐந்து சென்டிமீட்டர் நுழைவு வேண்டும். நுழைவுக் குழாயின் வாயில் வெட்டிய பிளவு, உள்குழாயின் முனையைத் தாண்டி நீண்டிருந்தால் அங்கே கட்டாயம் கசியும். எவ்வளவு நுழைந்திருக்கிறது என்று குழாயில் பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பசையை உள்ளே போகும் குழாயின் வெளிப்புறத்தில் மெல்லிசாகப் பூசினால் போதும். வெளிக்குழாயின் உட்புறத்தில் பூசினால் திரண்டு உள்ளே தள்ளப்பட்டு, காய்ந்து, உடைந்து சைலன்சருக்குள் போகும்.

கிட்டோடு வரும் யு-போல்ட் கிளாம்ப்களைத் தூக்கி வைத்துவிடலாம் (கியர்பாக்ஸ் பிராக்கெட்டில் மட்டும் அவை சரி). குழாய் இணைப்பில் அவை குழாயை நசுக்கிப் பள்ளம் போட்டுவிடும். பிறகு வெட்டாமல் பிரிக்க முடியாது. அகலப் பட்டைக் கிளாம்ப்கள் குழாயைச் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும். இறக்கிய காரில் இன்னொரு காரணமும் உண்டு: யு-போல்ட்டின் நீட்டிய முனைகள்தான் தரையில் முதலில் உரசும். பட்டைக் கிளாம்ப்பின் போல்ட் கூடப் பக்கவாட்டிலோ மேலேயோ இருக்கும்படி திருப்பிவிட்டு இறுக்குங்கள். செட்டில் வரும் மெல்லிய ரப்பர் பாபின்களும் சீக்கிரம் அறுந்துபோகும் ரகம். நல்லவையாக மாற்றுங்கள், இரண்டு உபரியும் காரில் இருக்கட்டும்.

டனலுக்குள் குழாய் தனியாக இல்லை. பேட்டரி பின்னால் டிக்கியில் இருப்பதால் அதன் தடித்த மின்கம்பி காரின் அடியிலேயே முன்னுக்கு ஓடுகிறது. பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அடியில்தான். 1964-க்கும் 1971-க்கும் இடைப்பட்ட ஹைட்ரோலாஸ்டிக் (திரவ சஸ்பென்ஷன்) கார்களில் திரவக் குழாய்களும் சேர்ந்துகொள்ளும். தரைத் தகட்டிலிருந்து குறைந்தது 12 மில்லிமீட்டர், மின்கம்பியிலிருந்தும் பெட்ரோல் குழாயிலிருந்தும் 25 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். முடியாத இடத்தில் நடுவே தகட்டுக் கவசம் கொடுங்கள். மின்கம்பியின் உறை உருகிக் குழாயில் பட்டால் நடுவில் ஃபியூஸ் கிடையாது. பேட்டரியின் முழுச் சக்தியும் அங்கே பாயும். கிளிப்புகள் விட்டுத் தொங்கும் பழைய கம்பியை அப்படியே விட்டுவிட்டு எக்ஸாஸ்ட் வேலையை முடிக்கக் கூடாது.

இறுதி இறுக்கம் கார் தன் வீல்களில் நிற்கும்போதுதான். பிட் அல்லது வீல்களைத் தாங்கும் ரேம்ப் வேண்டும். முன் சப்ஃபிரேமின் அடிவிளிம்பிலிருந்து பின் சப்ஃபிரேமின் அடிவிளிம்புக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். குழாய், முன்பெட்டி, கிளாம்ப் எதுவும் அந்த நூலுக்குக் கீழே வரக் கூடாது. பெரும்பாலும் இடிப்பது முன்பெட்டியின் வயிறும், பின் சப்ஃபிரேமின் குறுக்குத்தண்டின் அடியில் குழாய் தாழும் இடமும்தான். முன்பெட்டி நீள்வட்டமாக இருந்தால் படுக்கைவாட்டில் திருப்புங்கள். உட்குழாய் நடுவில் இல்லாத பெட்டியென்றால், வயிறு மேலே போகும்படி திருப்புங்கள். அப்படியும் ஓரிடம் நூலுக்குக் கீழே வந்தால், பாபினைக் குட்டையாக்குவதற்கு முன் முன்னால் உள்ள இணைப்பைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். மேனிஃபோல்டு முனையில் ஒரு டிகிரி திரும்பினாலே பின்முனையில் சென்டிமீட்டர் கணக்கில் நகரும். நூல் ஒத்துக்கொண்ட பிறகு முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு கிளாம்ப்பையும் இறுக்குங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் துருப்பிடிக்காத எஃகு முழுவதையும் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கைரேகை சூட்டில் எரிந்து பதிந்தால் பிறகு போகாது. ஐட்லிங்கில் விட்டு, டெயில் பைப்பைக் கனமான துணியால் ஒரு நொடி அடைத்தால் கசியும் இணைப்பு தானாகச் சீறும். குளிர்ந்த பிறகு எல்லாக் கிளாம்ப்பையும் மேனிஃபோல்டு நட்களையும் மறுபடி சரிபாருங்கள்; இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை.

பிறகு வரும் சத்தங்கள் ஒவ்வொன்றும் ஓர் இடத்தைக் காட்டும். குளிரில் டிக்டிக் என்று கேட்டுச் சூடேறியதும் நின்றால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு, வாஷர்களைப் பாருங்கள். கிளட்ச்சை விடும்போது மட்டும் தரையில் டொக்கென்று இடித்தால் ஸ்டெடி புஷ். மேடுபள்ளத்தில் மட்டும் இடித்தால் பின் பாபின் அல்லது சப்ஃபிரேம் மவுண்டு. குறிப்பிட்ட ஒரே ஆர்.பி.எம்.மில் ஜிவ்வென்று அதிர்ந்தால் குழாய் எங்கோ டனல் ஓரத்தைத் தொடுகிறது. தொடும் இடம் பளிச்சென்று தேய்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பட்பட்டென்று வெடித்தால் ஏதோ ஓர் இணைப்பு வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது.

கார்புரேட்டரையும் மறக்க வேண்டாம். புகை சுலபமாக வெளியேறினால் உள்ளே வரும் காற்றும் கூடும். பழைய நீடிலோடு (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி) கலவை வறண்டுபோகும், அதாவது பெட்ரோல் குறைந்துபோகும். எஸ்.யு. கார்புரேட்டரின் ஜெட் நட்டைத் திருகி ஐட்லிங்கைச் சரிசெய்வது இதற்குப் பரிகாரமல்ல, முழுத் திராட்டிலில் பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது நீடிலின் சரிவு. வைட்பேண்ட் சென்சார் உள்ள பட்டறையில் முழுச் சுமையில் 12.5-க்கும் 13-க்கும் இடையில் காற்று-பெட்ரோல் விகிதம் வரும்வரை நீடில் மாற்றிப் பாருங்கள். வறண்ட கலவையோடு நீண்ட தூரம் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வும் பிஸ்டனும் அதிகச் சூட்டில் அடிபடும். மேனிஃபோல்டுக்கு வெப்பத் துணி சுற்றும் பழக்கமும் வேண்டாம். சாதா எஃகில் அது ஈரத்தைப் பிடித்துவைத்து அரிக்கும். சுற்றினால் உத்தரவாதம் இல்லை என்று பல தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். பானெட் அடியில் சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் பூட்டும் முன்பே செராமிக் பூச்சு கொடுத்துவிடுங்கள்.

இலங்கையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மினிகளுக்கு முழு செட்டையும் கப்பலில் வரவழைப்பது கட்டுப்படியாகாவிட்டால், மேனிஃபோல்டையும் பிராக்கெட்டையும் மட்டும் இறக்குமதி செய்து, பின்பாதியை உள்ளூர் சைலன்சர் பட்டறையில் 1⅝ அங்குலக் குழாயில் கட்டிக்கொள்ளலாம். குறுக்குத்தண்டின் அடியில் வரும் வளைவைப் பட்டறைக்காரர் நசுக்காமல் வளைத்தால் பலனில் பெரிய குறை இராது.

இந்த செட் யாருக்கு வேண்டாம்? தொழிற்சாலையிலிருந்தே இன்ஜெக்‌ஷனும் வினையூக்கி மாற்றியும் வந்த தொண்ணூறுகளின் மினி வைத்திருப்பவர்களுக்கு. அந்தக் காருக்கு லாம்டா சென்சார் (புகையில் ஆக்ஸிஜனை அளப்பது) மாட்டும் மரை உள்ள மேனிஃபோல்டும் மாற்றிக்கு இடமுள்ள வரிசையும் தேவை. சாதாரண எல்.சி.பி.யைப் பூட்டிச் சென்சாரைத் தொங்கவிட்டால் கம்ப்யூட்டர் கலவையைத் தாறுமாறாக்கும், புகைச் சோதனையிலும் கார் தேறாது. எஞ்சினைச் சுத்தமாகத் தொழிற்சாலை நிலையிலேயே, சிறிய கார்புரேட்டரோடு, அமைதியாக ஓட்ட விரும்பும் 848 சிசி உரிமையாளருக்கும் இது வீண் செலவு. அவருக்குப் புதிய கூம்புக் கிளாம்ப்பும் தரமான ஒற்றைப் பெட்டி சைலன்சரும் புதிய ஸ்டெடி புஷ்களும் போதும்.